கழுத்தும் கையெழுத்தும்

நாக்பூரில் நான் பணியாற்றிய கிளையில் ஒரு நாள் முற்பகல், 12,000 ரூபாய்க்கான காசோலை ஒன்றை எழுத்தர் என் மேசைக்குக் கொண்டுவந்தார். கணினித் திரையில் தெரிந்த மாதிரிக் கையெழுத்தையும் காசோலையில் இருந்த கையெழுத்தையும் ஒருவரே இட்டவை என்று எந்த அலுவலரும் துணிந்து சொல்லியிருக்க மாட்டார். காசோலைக்கு உரியவரோ எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், 68 வயது, இருபது ஆண்டுகளாக எங்கள் வாடிக்கையாளர். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிப் பழகிய கை அவருடையது. வெற்றுத் தாளில் மூன்று முறை கையொப்பமிடச் சொன்னேன். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. "வயதாகிவிட்டது, சாஹேப்" என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார். புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்துகொண்டு பணத்தைக் கொடுத்தனுப்பினோம். விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் புதிய மாதிரியோடும் அவருடைய கையெழுத்து ஒத்துப்போகவில்லை. இந்த முறை நான் வேறுவிதமாக யோசித்தேன். அதற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் அன்று. என்னுடைய கழுத்து வலி.

அந்த வலியின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டதும், அடுத்து வந்த வாரங்களில் வங்கிக் கிளைகளின் முன் நின்ற வரிசைகளும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நவம்பர் 12, 13 ஆகிய சனி, ஞாயிறுகளிலும் வங்கிகள் திறந்திருந்தன. வரிசையில் நின்றவர்களுக்குக் கால் வலித்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குக் கழுத்து வலித்தது. நோட்டைப் பார்க்கக் குனிவது, படிவத்தைப் பார்க்கக் குனிவது, அடையாள அட்டையின் எண்ணைப் பார்க்கக் குனிவது என்று பொழுது போனது. டிசம்பர் மாதம் ஒரு காலையில் எழுந்தபோது கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. ஒரு வாரத்தில் அது சரியானது. ஆனால் அதன்பின் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு முறை, அழைக்காத விருந்தாளியைப் போல அந்த வலி வந்து தங்கிப் போகத் தொடங்கியது.

அப்போது நான் செய்தவற்றில் சரியானது என்று ஒன்றைக்கூடச் சொல்ல இயலாது. மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கினேன். இந்த மருந்தைப் பற்றி ஒரு செய்தி: நோயுற்ற மாடுகளுக்கு இதைக் கொடுத்து, அவை இறந்தபின் அவற்றைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. நம் நாட்டில் அந்த இனமே ஏறத்தாழ அழியும் நிலைக்கு வந்ததால், கால்நடைகளுக்கு இதைத் தருவது 2006-இல் தடை செய்யப்பட்டது. மனித உடல் கழுகின் உடல் அன்று. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு எடுத்துக்கொண்டால் இது பயனுள்ள மருந்தே. ஆயினும் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் இவற்றுள் ஏதேனும் உள்ளவர்கள் தாமாக வாங்கி விழுங்கக் கூடாத மருந்து இது. எனக்கு இரத்த அழுத்தம் இருந்தது.

அடுத்து, கழுத்துப் பட்டை. மூன்று மாதம் அதை அணிந்துகொண்டு கவுண்டரில் அமர்ந்திருந்தேன். அதனால் விளைந்த ஒரே நன்மை, கடன் தவணை குறித்துச் சண்டையிட வந்தவர்கள்கூட என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தியதுதான். தலையைத் தாங்க வேண்டிய தசைகளின் வேலையைப் பட்டை ஏற்றுக்கொண்டால் தசைகள் வேலையை மறந்துவிடுகின்றன. விபத்தில் அடிபட்டவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அது தேவை. மற்றவர்கள் மாதக்கணக்கில் அணிந்தால் கழுத்து மேலும் பலவீனமாகிறது.

மூன்றாவது தவறுதான் ஆபத்தானது. முடி திருத்தும் கடையில் தலையைப் பிடித்துவிட்டு, கடைசியில் மோவாயைப் பற்றி இருபுறமும் வெடுக்கெனத் திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதற்காகவே நான் மாதமிரு முறை போகத் தொடங்கினேன். 'படக்' என்ற ஓசையும் அதைத் தொடர்ந்த ஒரு மணி நேரச் சுகமும் பழக்கமாகிவிட்டன. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் இரண்டு, கழுத்து எலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. திடீர்த் திருகலில் அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. அழகு நிலையத்தில் தலைமுடி அலசுவதற்காகக் கழுத்தை நெடுநேரம் பின்னோக்கிச் சாய்த்திருந்த பெண்களுக்கு நேர்ந்த பக்கவாதத்தை அமெரிக்க மருத்துவர் மைக்கேல் வைன்ட்ரப் 1993-இலேயே விவரித்தார். எளிதில் நேர்வதில்லை என்பது உண்மை. ஒரு மணி நேரச் சுகத்துக்கு ஈடாக வைக்கக் கூடிய பிணையம் அன்று அது என்பதும் உண்மை.

வலக்கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மரமரப்பு வந்தபிறகுதான் எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அதற்கு முன்பே, ஒருவர் சொல்லி நானாக எம்.ஆர்.ஐ. எடுத்து, அதன் அறிக்கையை இரவெல்லாம் படித்து அஞ்சியிருந்தேன். மூன்று இடங்களில் தேய்மானம், இரண்டு இடங்களில் வட்டு புடைப்பு என்று அதில் இருந்தது. மருத்துவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாற்பதைக் கடந்த யாரைப் படம் எடுத்தாலும் இதில் பாதியாவது இருக்கும்" என்றார். ஆறுதலுக்காகச் சொல்கிறார் என நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது: ஜப்பானில் கழுத்தில் எவ்விதத் தொல்லையும் இல்லாத 1,211 பேரைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2015-இல் வெளிவந்தது. அவர்களுள் 87.6 விழுக்காட்டினருக்கு வட்டு புடைத்திருந்தது. இருபது வயதினரும் இதற்கு விலக்கல்லர்.

வணிகவியல் படித்தவனுக்குத் தேய்மானம் புதிய சொல் அன்று. இயந்திரத்தின் மதிப்பை ஆண்டுதோறும் ஏட்டில் குறைத்து எழுதுகிறோம். ஏட்டில் அதன் மதிப்பு ஒரு ரூபாயாகக் குறைந்த பின்னும் தொழிற்கூடத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கும். கழுத்துத் தேய்மானமும் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஏட்டுக் கணக்குத்தான். முடி நரைப்பதைப் போல எலும்பிலும் வட்டிலும் வயது தெரிகிறது. வட்டுகளின் நடுவில் உள்ள கூழ் போன்ற பகுதி நீர் வற்றிச் சுருங்குகிறது; விளிம்புகளில் எலும்பு சிறிது வளர்கிறது. இவை இருந்தும் வலி இல்லாதவர்கள் கோடிக்கணக்கானோர். இவை பெரிதாக இல்லாமலே வலியால் துன்புறுவோரும் உண்டு. ஆகவே படத்துக்கு வைத்தியம் செய்வதில்லை, ஆளுக்குத்தான் வைத்தியம் என்றார் அவர்.

கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. முதல் எலும்பு தலையோட்டைத் தாங்கும் வளையம். இரண்டாவதில் முளை போல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சுற்றி அந்த வளையம் சுழல்கிறது. நாம் தலையைத் திருப்புவதில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு மூட்டில் மட்டுமே நிகழ்கிறது. இவற்றின் மேல் அமர்ந்திருக்கும் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அந்தச் சுமை தண்டின் மேல் நேராக இறங்குகிறது. குனியக் குனிய, பின்கழுத்துத் தசைகள் கயிறு போல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிணற்றுக் கட்டையில் உருளை இல்லாமல் குடத்தை இழுப்பவனின் நிலை அது. 60 பாகை குனிந்தால் கழுத்துத் தண்டின் மேல் விழும் விசை சுமார் 27 கிலோவுக்குச் சமம் என்று நியூயார்க்கின் முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார். கைப்பேசியைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் இந்த எண்ணை எடுத்தாள்கிறார்கள். ஆனால் இது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. உயிருள்ள மனிதரிடம் அளந்ததன்று. கைப்பேசி பார்ப்பவர்களுக்கெல்லாம் கழுத்து வலி வருவதும் இல்லை. எனக்குச் சரியெனப் படுவது இதுதான்: குனிவது குற்றமன்று, குனிந்தபடியே உறைந்துபோவதுதான் குற்றம்.

நான் வங்கியில் சேர்ந்தபோது பேரேடுகள் முழுவதுமாக மறைந்திருக்கவில்லை. ஒரு கணக்கைப் பார்க்க எழுந்து அலமாரிக்குப் போய், கனத்த ஏட்டைத் தூக்கி வந்து, புரட்டி, எழுதி, மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டி, மீண்டும் வைக்க வேண்டும். சலித்துக்கொண்டுதான் செய்தோம். இன்று எல்லாக் கணக்கும் திரையிலேயே வந்துவிடுகிறது. எழுந்திருக்கக் காரணமே இல்லை. உலகில் 2020-ஆம் ஆண்டில் சுமார் 20 கோடிப் பேர் கழுத்து வலியோடு இருந்ததாகவும் 2050-இல் இது 27 கோடியை நெருங்கும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இந்த உயர்வுக்கு மக்கள்தொகைப் பெருக்கமும் முதுமையும் முக்கியக் காரணங்கள் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்வதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அன்று மருத்துவர் என் கழுத்தைத் தொடுவதற்கு முன் சில கேள்விகள் கேட்டார். சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா? கையெழுத்து மாறியிருக்கிறதா? நாணயத்தை மேசையிலிருந்து எடுக்கத் தடுமாறுகிறீர்களா? இருட்டில் நடந்தால் கால் தள்ளாடுகிறதா? சிறுநீரை அடக்க முடிகிறதா? பின்னர், இரு கைகளையும் நீட்டி, விரல்களை வேகமாக மடக்கி விரிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். நலமாக இருப்பவர் பத்து விநாடியில் இருபது முறைக்கு மேல் செய்துவிடுவார். நான் இருபத்து நான்கு முறை செய்தேன். "உங்களுக்கு நரம்பின் கிளைதான் நெருக்கப்பட்டிருக்கிறது, தண்டுவடம் நன்றாக இருக்கிறது" என்றார்.

இந்த வேறுபாட்டை அன்றுதான் அறிந்தேன். கழுத்தில் கிளைக்கும் நரம்பு ஒன்று, வெளியேறும் வழியில் அழுத்தப்பட்டால் தோளிலிருந்து கைக்கு மின்சாரம் பாய்வது போல வலி இறங்கும். ஆறாவது நரம்பென்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போகும். ஏழாவது என்றால் நடுவிரல். எட்டாவது என்றால் சுண்டுவிரல். சிலருக்குக் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி குறையும். நானும் அப்படித்தான் உறங்கினேன். இது கடுமையானதே தவிர, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தணியத் தொடங்கிச் சில மாதங்களில் அறுவையின்றியே அடங்கிவிடும். தண்டுவடமே அழுத்தப்படுவது வேறு. அங்கே பெரும்பாலும் வலி பெரிதாக இருப்பதில்லை. கை மெல்ல மெல்ல நுணுக்கத்தை இழக்கும், நடை மாறும். வலி இல்லாததால் யாரும் கழுத்தைச் சந்தேகிப்பதில்லை. சரியான நோயைக் கண்டறியச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிடுகிறது என்று இஸ்ரேலில் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று காட்டியது. நெடுநாள் நெருக்கப்பட்ட தண்டுவடம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது அரிது.

இப்போது ஆசிரியரிடம் வருவோம். அவர் இரண்டாம் முறை வந்தபோது நான் காசோலையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் திறந்திருந்தன. எந்நாளும் கழுத்துவரை பொத்தானிட்டு வருபவர் அவர். கவுண்டரிலிருந்து என் மேசைக்கு வருகையில் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். கழுத்து வலிக்கிறதா என்று கேட்டேன். "ஒரு நாளும் வலித்ததில்லையே" என்றார். விளையாட்டுப் போல, இரு கைகளையும் நீட்டி விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னேன். பத்து விநாடியில் எட்டு முறைதான் முடிந்தது. நான் மருத்துவன் அல்லேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். ஆனாலும் அவர் மகனைத் தொலைபேசியில் அழைத்து, இதை வயதின் கணக்கில் எழுதிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அந்த வாரமே காட்டும்படி வற்புறுத்தினேன். வங்கி அலுவலர் இதில் தலையிடலாமா என்று மகன் முதலில் தயங்கியது குரலில் தெரிந்தது.

பதினேழு நாட்களில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தின் இரண்டு இடங்களில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. அறுவையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பதுதான், இழந்தது எவ்வளவு திரும்பும் என்பதற்கு உறுதி தர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்களாம். மூன்று மாதங்களுக்கு முன் நான் முதல் காசோலையைக் கையில் வைத்திருந்தபோதே இதைக் கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

எல்லாக் கழுத்து வலிக்கும் இப்படிப் பதற வேண்டியதில்லை. பெரும்பாலானவை தசையிலும் சிறு மூட்டுகளிலும் எழுந்து, சில வாரங்களில் தணிபவை. உடனே மருத்துவரை நாட வேண்டிய தறுவாய்கள் சில உண்டு. விழுந்தோ விபத்திலோ தொடங்கிய வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்துக் குனிய முடியாமை. மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இரவில் எழுப்பும் வலியும் சேர்ந்து வருவது ஆகியவை அவை. கடைசியாகச் சொன்னது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது அரிதன்று, அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். வியர்வை, மூச்சுத் திணறல், மார்பு இறுக்கத்தோடு கழுத்துக்கும் தாடைக்கும் இடக்கைக்கும் பரவும் வலி என்றால், அது இதயத்தின் குரலாக இருக்கக்கூடும். தைலம் தேடாமல் ஊர்தியைத் தேட வேண்டும்.

கழுத்தின் மேல் வீண்பழி விழுவதும் உண்டு. இரவில் கட்டைவிரல் முதல் நடுவிரல்வரை மரத்து, கையை உதறினால் தெளிவது பெரும்பாலும் மணிக்கட்டு நரம்பின் நெருக்கம். நீரிழிவு, தைராய்டு குறைவு, கர்ப்ப காலம் இவற்றில் இது மிகுதி. கையைப் பின்னால் கொண்டுபோக முடியாத தோள் இறுக்கமும் நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம். படுக்கையில் புரண்டால் உலகம் சுழல்வது பொதுவாகக் காதின் உட்பகுதிக் கோளாறு. சில நிமிடப் பயிற்சியால் தீரக்கூடிய அதற்கு ஆண்டுக்கணக்கில் கழுத்துப் பட்டை அணிந்தவர்களை நான் அறிவேன். இரு பாதங்களிலும் எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் சர்க்கரையையும் பி12 அளவையும் பார்ப்பது முதல் வேலை.

இனி, எனக்கு உண்மையில் பயன்பட்டவை. டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் அலுவலக ஊழியர்கள் 198 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. ரப்பர்ப் பட்டையைக் காலடியில் மிதித்துக்கொண்டு, இரு முனைகளையும் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்கும் பயிற்சி அது. ஒரு குழு நாளுக்கு 12 நிமிடம் செய்தது. இன்னொரு குழு 2 நிமிடம் மட்டுமே. வாரம் ஐந்து நாள், பத்து வாரம். இரு குழுவினருக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிடக் குழு பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை. சிறுசேமிப்பை நம்பித் தொழில் நடத்தும் எனக்கு இந்த முடிவு உடனே பிடித்துப்போயிற்று. இதனோடு, உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் ஐந்தாறு விநாடி எதிரெதிராக அழுத்துவதை நான்கு பக்கமும் பத்துப் பத்து முறை செய்கிறேன். வலி கடுமையாக இருக்கும் நாட்களில் இவற்றைத் தொடங்கக் கூடாது. கைக்கு வலி இறங்குபவர்கள் இயன்முறை சிகிச்சையாளரிடம் நேரில் கற்றுக்கொள்வதே நல்லது.

வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிவோருக்கு ஒரு சொல். கணினித் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும் என்பது பொது விதி. இரு பார்வைக் கண்ணாடி அணிந்தவர்கள் அந்த விதியைப் பின்பற்றினால், கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் படிக்க மோவாயைத் தூக்கி நாளெல்லாம் அண்ணாந்திருப்பார்கள். அவர்களுக்குத் திரை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். எனக்கு இதைச் சொன்னவர் கண்ணாடிக் கடைக்காரர். தலையணை, தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பினால் போதும். விலை உயர்ந்தது வேண்டுமென்பதில்லை. இருசக்கர வண்டியில் செல்வோர் கழுத்து வலியைக் காரணம் காட்டித் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

வங்கி சார்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நோயாலோ முதுமையாலோ கையெழுத்திட இயலாதவர்கள் பணமெடுக்க முடியாமல் போய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. கைநாட்டு வைத்து, வங்கிக்கு அறிமுகமான இரு சாட்சிகள் அதை அடையாளங்காட்டினால் போதும். அவர்களுள் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். 70 வயதைக் கடந்தோருக்கும், நாட்பட்ட நோயால் நடமாட இயலாதோருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே சென்று அடிப்படைச் சேவைகளை அளிக்க வங்கிகள் முயல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவுறுத்தியது. கேட்காதவர்களே மிகுதி என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர், தம் பெயரைத் தவிர்த்து எதையும் எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். அறுவைக்குப் பின் ஆறு மாதம் கழித்துக் கிளைக்கு வந்தார். சுவரைத் தொடாமல் நடந்தார். பொத்தான்கள் போட்டிருந்தன, மனைவி போட்டுவிட்டதாகச் சொன்னார். மாதிரிக் கையெழுத்தை மூன்றாம் முறை மாற்றினோம். பழைய முத்தெழுத்து வரவில்லை. கடைசி எழுத்தின் வால் மட்டும், கரும்பலகையில் எழுதிய காலத்தைப் போலவே, மேல்நோக்கிச் சுழிந்திருந்தது. அதன்பின் வந்த காசோலைகள் எல்லாம் அந்த மாதிரியோடு ஒத்துப்போயின.